குக்குலுவும் கொலஸ்ட்ரால் மாத்திரையும்

காசியில் பிறந்த ஆராய்ச்சி

சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்திலும், மறையூர், குமுளி முதலிய இடுக்கி மலையூர்களிலும் வாழும் தமிழர்களுக்கு ஆயுர்வேத வைத்தியசாலை அன்னியமான இடமன்று. ஆயினும், அங்கே வாதத்துக்கும் உடற்பருமனுக்கும் தரப்படும் குளிகைகள் பலவற்றில் சேரும் குக்குலு என்னும் பிசின், ஒரு காலத்தில் கொலஸ்ட்ராலுக்குரிய நவீன ஔஷதமாகவே போற்றப்பட்டது என்பதை அவர்களில் பலர் அறியார். காசி இந்து சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்த ஜி. வி. சத்தியவதி, ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையில் மேதோரோகம் என்னும் கொழுப்பு நோய்க்குச் சொல்லப்பட்ட இலட்சணங்கள் இரத்தக்குழாயில் கொழுப்புப் படியும் வியாதியை ஒத்திருக்கக் கண்டு, முயல்களைக் கொண்டு பரீட்சித்து, குக்குலு அவற்றின் இரத்தக் கொழுப்பைக் குறைப்பதை 1966-இல் தம் ஆய்வேட்டில் காட்டினார். கிரந்தத்தில் உள்ளது என்பதோடு அமையாமல் அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்த அந்த அம்மையாரே பிற்காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பதவியை வகித்த முதல் பெண்மணி. குக்குலுவிலிருந்து லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய குக்குலிபிட் என்னும் மருந்து 1980-களின் பிற்பாதியில் விற்பனைக்கு வந்தது.

பூஞ்சணம் தந்த மருந்து

இதனிடையே, ஜப்பானில் சாங்க்யோ கம்பெனியின் விஞ்ஞானி அகிரா எண்டோ, 1971 முதல் ஏறக்குறைய 6,000 பூஞ்சணங்களைச் சோதித்து, 1973-இல் காம்பாக்டின் என்ற பொருளைக் கண்டார். ஈரல் கொலஸ்ட்ராலை உற்பத்தி செய்வதற்கு இன்றியமையாத ஒரு நொதியை அது தடுக்கவே, ஈரல் தன் தேவைக்கு இரத்தத்திலுள்ள எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்கிறது. ஸ்டாட்டின் எனப்படும் இவ்வினத்தில் லோவாஸ்டாட்டின் 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

கொலஸ்ட்ரால் எண் குறைந்தால் ஆயுள் நீளுமா என்பதே எஞ்சிய கேள்வி. ஏனெனில், முன்பு குளோஃபைப்ரேட் என்ற மருந்து கொலஸ்ட்ராலைக் குறைத்தும் மரணத்தைக் குறைக்கவில்லை. ஸ்காந்திநேவிய நாடுகளில் 4,444 இருதய நோயாளிகளிடம் சிம்வாஸ்டாட்டினைச் சோதித்ததில் மரணம் நூற்றுக்கு முப்பது விகிதம் குறைந்ததென்று 1994-இல் வெளியான முடிவே அச்சந்தேகத்தைத் தீர்த்தது. குக்குலுவுக்கோ அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. 2003-இல் அமெரிக்காவில் 103 பேரிடம் நடந்த பரீட்சையில் எல்.டி.எல். குறைவதற்குப் பதில் சற்றே உயர்ந்தது.

நிறுத்துமுன்

நாள் முழுதும் மலைச்சரிவில் கொழுந்து பறித்து, மூட்டை சுமந்து, இடுப்பும் தொடையும் கடுகடுக்க வீடு திரும்பும் தோட்டத் தொழிலாளிக்கு, வலி வேலையினாலா ஸ்டாட்டின் மாத்திரையினாலா என்று பிரித்தறிவது கடினம். ஸ்டாட்டின் சிலருக்குத் தசைவலி தருவது உண்மையே. ஆனால் அதற்காக மாத்திரையைத் தாமே நிறுத்திவிட்டுக் குளிகைக்கு மாறுவது, நிரூபணமானதை விட்டு நிரூபணமாகாததைப் பற்றுவதாகும். வேறு மருந்தாலோ குறைந்த அளவாலோ வலியைத் தவிர்க்க மருத்துவரால் பெரும்பாலும் இயலும். தசைவலி கடுமையாகி, சிறுநீர் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். குக்குலு, டில்டியாசெம் போன்ற சில இருதய மருந்துகளின் வீரியத்தைக் குறைக்கக்கூடியது. ஆகவே, அடுத்த முறை இரத்தப் பரிசோதனைச் சீட்டோடு, சாப்பிட்டுவரும் குளிகை டப்பாவையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.