மாகடலின் மேல்கீழ்ச் சுழற்சியை அளத்தல்

ஜோகூரின் கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங் கடலில் நீரோட்டம் ஆண்டு முழுதும் ஒரே திசையில் ஓடுவதில்லை. வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கு நோக்கியும், தென்மேற்குப் பருவத்தில் வடக்கு நோக்கியும் அது செல்லும். ஓர் ஆண்டு தை மாதத்திலும் வேறோர் ஆண்டு ஆடி மாதத்திலும் அளந்துவிட்டு, கடலே மாறிவிட்டதென ஒருவர் முடிவு கட்டினால் அது பிழையாகும். ஆண்டுதோறும் நிகழும் பருவ மாற்றத்தையே அவர் கண்டார். அட்லாண்டிக் மாகடலிலும் இத்தகைய மயக்கம் ஒன்று நேர்ந்தது.

அங்கே வெப்பமான மேல்நீர் வடக்கே செல்கிறது. வடகோடியில் அது குளிர்ந்து, அடர்த்தி மிகுந்து, கீழே அமிழ்ந்து, ஆழத்தின் வழியே தெற்கே திரும்புகிறது. இதுவே மேல்கீழ்ச் சுழற்சி. ஐரோப்பாவின் மிதமான குளிருக்கும், வெப்ப மண்டலத்தில் மழை பெய்யும் இடங்களுக்கும் இதனோடு தொடர்புண்டு. இதனை அளக்கும் அலகு ஸ்வெர்ட்ரப். அதாவது நொடிக்குப் பத்து லட்சம் கன மீட்டர் நீர். உலகத்து ஆறுகள் யாவும் கடலில் சேர்ப்பது இவ்வலகு ஒன்றைவிடச் சற்றே மிகுதி. அட்லாண்டிக் சுழற்சியோ ஏறத்தாழ 17.

1957, 1981, 1992, 1998, 2004 ஆகிய ஐந்து ஆண்டுகளில் கப்பல்கள் அம்மாகடலைக் குறுக்கே கடந்து அளந்தன. அவற்றை ஒப்பிட்டு, சுழற்சி ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்ததென 2005இல் ஓர் ஆய்வு கூறிற்று.

இதற்கிடையே, 2004 ஏப்ரலில் ராப்பிட் என்னும் நிலையான அளவீட்டு வரிசை 26.5 பாகை வட அட்சரேகையில் அமைக்கப்பட்டிருந்தது. கடலடியில் நங்கூரமிட்ட கம்பிகளில் பொருத்திய கருவிகள் நீரின் வெப்பத்தையும் உப்பையும் இடைவிடாது பதிவு செய்கின்றன. இரு கரைகளிலும் உள்ள நீரின் அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு இடைப்பட்ட ஓட்டம் கணக்கிடப்படுகிறது. புளோரிடா நீரிணையின் ஓட்டத்தைக் கடலடித் தொலைபேசிக் கம்பியே பல ஆண்டுகள் காட்டிக் கொடுத்தது. புவியின் காந்தப் புலத்தில் உப்புநீர் நகரும்போது அக்கம்பியில் மின்னழுத்தம் தோன்றும்.

முதல் ஓராண்டுப் பதிவிலேயே சுழற்சி 4க்கும் 35க்கும் இடையே ஏறி இறங்கியது. கப்பல்கள் கண்ட வேறுபாடு முழுதும் இதற்குள் அடங்கிவிட்டது. இலையுதிர் காலத்தில் ஓட்டம் வலுத்து, இளவேனிலில் தளர்வதும் பின்னர்த் தெளிவாயிற்று. 1957இல் கப்பல் சென்றது அக்டோபரில். 2004இல் சென்றதோ ஏப்ரலில். ஆதலின் கண்ட குறைவில் பருவ வேறுபாடும் கலந்திருந்தது எனலாம்.

இதனால் அச்சம் அறவே நீங்கிவிடவில்லை. 2009-10இல் சுழற்சி ஏறத்தாழ 30 விழுக்காடு மெய்யாகவே தளர்ந்து, பின் மீண்டது. இடைவிடாத பதிவு இருந்தமையால் அது ஐயமின்றித் தெரிந்தது. இந்நூற்றாண்டில் சுழற்சி தளரக்கூடும் என்பது பன்னாட்டுத் தட்பவெப்பக் குழு 2021இல் அளித்த மதிப்பீடு.

இந்தோனேசியத் தீவுகளூடே பசிபிக் நீர் இந்துமாக்கடலுக்குப் பாய்வதும் இவ்வுலகச் சுழற்சியின் ஓர் அங்கமே. 2004 முதல் 2006 வரை நீரிணைகளில் நிறுவிய கருவிகள் அதன் சராசரியை 15 ஸ்வெர்ட்ரப் எனக் காட்டின. வடகிழக்குப் பருவத்தில் தென்சீனக் கடலிலிருந்து தெற்கே இறங்கும் உப்புக் குறைந்த நீர், மக்காசார் நீரிணையின் மேற்பரப்பு ஓட்டத்தைத் தடுக்கிறது என்று 2003இல் ஆய்வாளர் விளக்கினர். மெர்சிங் கரையோரம் புரளும் பருவ ஓட்டம் அக்கடலைச் சேர்ந்ததே. பருவத்தின் ஏற்றத்தாழ்வு எது, நிலையான தளர்ச்சி எது என்று பிரித்தறிய, பல்லாண்டுத் தொடர் பதிவே வழியாகும்.