படகுக்குக் கூரையை உயர்த்தலாமா?

'எங்களிடம் 28 அடி ஃபைபர் படகு இருக்கிறது. வெயிலுக்காகப் போட்ட கூரை தலையில் இடிக்கிறது. நிமிர்ந்து நின்று வலை இழுக்க முடியவில்லை. கூரையை ஒன்றரை அடி உயர்த்தலாமா? இரும்புக் குழாயில், மேலே பிளைவுட் போட்டு, உறுதியாகச் செய்யச் சொல்லியிருக்கிறோம்.'

பழவேற்காட்டிலிருந்து வந்த இந்தக் கேள்வி, கத்தரியில் காய்ப்புழு, மாட்டுக்கு மடிநோய் என்று வழக்கமாக வரும் கடிதங்களுக்கு நடுவே இருந்தது. நான் பயிர்க்காரன், படகுக்காரன் இல்லை. மீன்வளத் துறைக்கு எழுதுங்கள் என்று இரண்டு வரியில் பதில் போட்டிருப்பேன். கடிதத்தின் கடைசி வரிதான் என்னை நிறுத்தியது. 'மேலே பலகை வந்துவிட்டால் வலையை அங்கே போட்டுக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை நாலு பேரை உட்கார வைத்தும் கூட்டிப் போகலாம்' என்று எழுதியிருந்தார்.

கூரைச் சட்டம் செய்வது அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில். ஆவடியிலிருந்து எனக்கு அரை மணி நேரம். போய்ப் பார்த்தேன். டிராக்டர் கூரை, லாரிக்குப் பக்கச் சட்டம் எல்லாம் செய்கிற இடம். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு அங்குல ஜி.ஐ. குழாயில் ஆறு கால், குறுக்குச் சட்டங்கள், மேலே 12 மி.மீ. பிளைவுட் இரண்டு பலகை, அதன்மேல் ஃபைபர் பூச்சு. யானை ஏறினாலும் தாங்கும் என்றார் பட்டறைக்காரர். எனக்குப் பயமே அதுதான். எடை போடச் சொன்னேன். 112 கிலோ. படகில் இருந்த பழைய கூரை 45 கிலோதான்.

வைக்கோல் பாரம் ஏற்றிய டிரெய்லரை நினைத்துக்கொள்ளுங்கள். அதே 100 கட்டு வைக்கோலை அகலமாகப் பரப்பி ஏற்றினால் வண்டி வரப்பில் ஏறி இறங்கும். கோபுரம் போல அடுக்கினால் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் சாய்ந்துவிடும். எடை கூடவில்லை, எடை இருக்கிற இடம்தான் மேலே போனது. படகுக்குக் கீழே இருப்பது தரைகூட இல்லை, தண்ணீர். அலை வந்து சாய்த்தால், அகலமான அடிப்பகுதி அதை நிமிர்த்தப் பார்க்கும்; உச்சியில் இருக்கும் எடை இன்னும் சாய்க்கப் பார்க்கும். இந்த இழுபறியில் எது வெல்கிறது என்பதுதான் படகின் நிலைத்தன்மை.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். படகு, எஞ்சின், ஆட்கள், வலை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பழைய 45 கிலோ கூரையை அப்படியே ஒன்றரை அடி, அதாவது 45 செ.மீ. உயர்த்தினால், 45-ஐ 45-ஆல் பெருக்கி 1,500-ஆல் வகுக்க வேண்டும். படகின் எடை மையம் சுமார் 1.4 செ.மீ. மேலே போகும். அவ்வளவுதான். கூரையை உயர்த்துவது மட்டும் பெரிய குற்றமில்லை.

40 கிலோ ஈர வலையைப் படகின் அடியிலிருந்து எடுத்து ஆறரை அடி உயரக் கூரைமேல் போட்டால் 5 செ.மீ.க்கு மேல் ஏறும். 70 கிலோ ஆள் ஒருவர் மேலே ஏறி உட்கார்ந்தால் 9 செ.மீ. நாலு பேர் ஏறினால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட சிறு படகில் மொத்தக் கையிருப்பே சில பத்து செ.மீ.தான். பட்டறையில் செய்து வைத்திருந்த அந்த 112 கிலோ கூரையையும் இதே போலக் கணக்கிட்டேன். யாரும் ஏறாமலே ஏறத்தாழ 9 செ.மீ. வந்தது. கூரைமேல் ஒரு ஆளை நிரந்தரமாக உட்கார வைத்ததற்குச் சமம்.

இது காகிதக் கணக்கு இல்லை என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் கவிழ்ந்து 22 பேரைப் பலிகொண்ட படகு, மீன்பிடிப் படகாக இருந்து சுற்றுலாவுக்காக மாற்றிக் கட்டப்பட்டது. மேல்தளத்திலும் ஆட்கள் இருந்தார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர் இறந்ததும் இரண்டடுக்குப் படகில்தான். பழவேற்காட்டிலேயே 2011 கிறிஸ்துமஸ் நாளில் சுற்றுலா வந்த 22 பேர் பலியானார்கள். அங்கே பிரச்சினை அளவுக்கு மீறி ஆள் ஏற்றியது. மீன்பிடிப் படகாகப் பதிவானதில் காசுக்குப் பயணிகளை ஏற்றக் கூடாது. கடிதம் எழுதியவரிடம் இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

அடுத்தது காற்று. சாரலுக்காகக் கூரையின் இரண்டு பக்கமும் தார்ப்பாயைத் தொங்கவிடுவது வழக்கம். அது பாய்மரம் ஆகிவிடும். மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 6 கிலோ அழுத்தம் தரும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. 72 கி.மீ. காற்றில் 4 சதுர மீட்டர் தார்ப்பாயை 96 கிலோ தள்ளும், அதுவும் உயரத்தில். கோடையில் சாயங்கால இடிமழைக்கு முன்னால் திடீரென்று வீசுகிற காற்று வாழைத்தோப்பை என்ன செய்கிறது என்பது நமக்குத் தெரியும். முகத்துவாரத்தில் மணல் தட்டி அலை உடைகிற இடத்தில் அந்தக் காற்று பிடித்தால் யோசிக்க நேரமிருக்காது. இன்னொன்று, பக்கம் மூடிய கூரைக்குள் இருக்கும்போது படகு கவிழ்ந்தால் வெளியே வர வழியில்லை. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தால் அதுவே ஆளை மேலே தூக்கி, கவிழ்ந்த படகோடு சேர்த்து அழுத்திவிடும்.

'அப்ப கூரையே வேணாமா ஐயா? புள்ள வெயில்ல கருகிப் போறான்' என்று கேட்டார் அந்த வீட்டு அம்மா. நியாயமான கேள்வி. கட்டுமரக் காலத்தில் கூரையா இருந்தது என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம் திறந்த படகில் இருப்பவனுக்கு நிழல் மருந்து மாதிரி.

கூரை வேண்டும், ஆனால் ஆள் ஏற முடியாத கூரையாக வேண்டும். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பிளைவுட் வேண்டாம், ஒரு பலகையே 20 கிலோவுக்கு மேல். அதே இடத்துக்கு 200 ஜி.எஸ்.எம். தார்ப்பாய் ஒரு கிலோகூட வராது. நாற்றங்காலுக்கு வாங்குகிற நிழல்வலையே போதும் என்பது என் கட்சி. காற்றில் ஒரு பகுதியை உள்ளே விட்டுவிடும், விலையும் குறைவு. மழைக்கு மட்டும் தார்ப்பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு மேலே விரிக்கலாம்; பக்கத்தில் தொங்கவிடக் கூடாது. பழைய சைக்கிள் ரிக்‌ஷாவின் மடக்குக் கூரை போல, காற்று கிளம்பினால் இரண்டே நிமிடத்தில் மடக்கிப் படுக்க வைக்க முடிந்தால் அதைவிட நல்லது கிடையாது.

தலை இடிக்கிற பிரச்சினைக்கு உயர்த்துவது ஒன்றுதான் வழி என்றும் இல்லை. வலை இழுக்கிற இடத்துக்கு மேல் கூரையே இல்லாமல் விட்டுவிட்டு, எஞ்சின் ஓட்டுபவர் உட்காரும் பின்பக்கத்தில் மட்டும் ஆறடி நீளத்துக்குப் போட்டால் போதும். அங்கே உட்கார்ந்துதானே இருக்கிறார், உயரம் எதற்கு? கால்கள் வலையைச் சிக்க வைக்கிற தொல்லையும் குறையும்.

குழாய் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஜி.ஐ. குழாயை வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். உப்புக் காற்றில் அந்த இடம்தான் முதலில் துரு பிடித்து முறியும். அலுமினியம் அதே அளவு இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் அதில் நேரடியாக இரும்பு போல்ட் போட்டால் கடல்நீரில் அலுமினியம் அரித்துவிடும். 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட், நடுவே நைலான் வாஷர் போடுங்கள். ஃபைபர் விளிம்பில் போல்ட்டை மட்டும் முடுக்கினால் ஆட்டத்தில் பிய்ந்து வரும். அடியில் ஒரு கெட்டிப் பலகைத் துண்டும் அகல வாஷரும் வைத்து முடுக்க வேண்டும். கால்களுக்கு இடையே குறுக்கே பெருக்கல் குறி போல ஒரு தாங்கு கொடுத்தால் மெல்லிய குழாயே போதும்.

மாற்றம் செய்த பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். காற்றில்லாத காலையில், அமைதியான தண்ணீரில், எஞ்சின், டீசல், வலை, ஐஸ் பெட்டி எல்லாம் ஏற்றி, கட்டிய கயிற்றைத் தளர்த்திவிட்டு, பக்கவாட்டில் படகை ஆட்டி விடுங்கள். ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் போய், திரும்பி வருவது ஒரு ஆட்டம். ஐந்து ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தைச் செல்போனில் பார்த்து ஐந்தால் வகுங்கள். வருகிற விநாடி, படகின் அகலத்தை மீட்டரில் சொன்னால் வரும் எண்ணைவிடக் குறைவாக இருக்க வேண்டும். சிறு மீன்பிடிப் படகுகளுக்கு ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு சொல்லித் தருகிற வழி இது. படகு சோம்பலாக, மெதுவாக ஆடினால் சுகமாக இருக்கும். அதுதான் ஆபத்தின் அறிகுறி.

பழவேற்காடு ஏரியில் முட்டியளவுத் தண்ணீரில் செய்து பார்த்தோம். படகின் அகலம் 1.9 மீட்டர். ஐந்து ஆட்டத்துக்கு 9 விநாடி, ஆக ஒன்றுக்கு 1.8. தேறியது, ஆனால் மயிரிழையில். பிறகு 70 கிலோ மணல் மூட்டையைப் பழைய கூரைமேல் கட்டி ஆட்டினோம். 10 விநாடி, ஒன்றுக்கு 2. படகு அந்தப் பக்கம் போய்க் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டுத் திரும்பியது. கரையில் நின்ற அம்மா, 'எறக்குங்கடா மூட்டைய' என்று சத்தம் போட்டார்.

நான் சொன்னவை பொது அறிவு. பெரிய மாற்றம் செய்வதாக இருந்தால் மீன்வளத் துறை அலுவலகத்தில் தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. ராயபுரத்தில் மீன்பிடிக் கலம், எஞ்சின் பயிற்சி தருகிற சிஃப்நெட் நிறுவனத்தின் கிளை இருக்கிறது. அங்கே கேட்கலாம், கூச்சப்பட வேண்டாம்.

இப்போது அந்தப் படகில் பின்பக்கம் மட்டும் அலுமினியச் சட்டத்தில் நிழல்வலைக் கூரை, 21 கிலோ. கொடுத்த முன்பணம் வீண் போகக் கூடாது என்று அம்பத்தூர் பட்டறையிலிருந்த 112 கிலோ சட்டத்தையும் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதன் கீழே இப்போது ஏழு ஆடுகள் நிற்கின்றன. குட்டிகளுக்குக் கழிச்சல் என்று போன வாரம் அடுத்த கேள்வி வந்திருக்கிறது; பதில் அடுத்த இதழில்.