மேகமும் மூடுபனியும்

வயலின் ஈரத்தை அளக்கும் கருவி, கிடங்கின் வெப்பத்தை அறிவிக்கும் கருவி, கைப்பேசியினால் பம்பு செட்டை இயக்கும் கருவி எனப் பல இன்று விற்பனைக்கு வந்துள்ளன. இவ்வாறு பொருள்கள் தாமே செய்தி அனுப்பும் ஏற்பாட்டைப் ‘பொருள்களின் இணையம்’ என்பர். அச்செய்திகளை எவ்விடத்தில் கணிப்பது என்பதையே இங்கு நாம் ஆராயப் புகுகின்றோம்.

யாவற்றையும் தொலைவிலுள்ள பெருங்கணினி நிலையத்திற்கு அனுப்புவது மேகக் கணிமை. அருகிலேயே ஒரு சிறு கணினியை நிறுவி, அவசரமானவற்றை அங்கேயே முடித்து, சுருக்கத்தை மட்டும் மேலே அனுப்புவது மூடுபனிக் கணிமை. தரையைத் தொட்டு நிற்கும் மேகந்தானே மூடுபனி! சிஸ்கோ நிறுவனத்து ஆராய்ச்சியாளர் 2012-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வாயிலாக இம்முறையை விளக்கினர்.

கூட்டுறவாளருக்கு இம்முறை புதிதன்று. தொடக்கச் சங்கம், மத்திய பாங்கி, தலைமைப் பாங்கி என்னும் மூன்றடுக்கை நாம் அறிவோம். ஒவ்வோர் அங்கத்தினரின் மனுவும் தலைநகர் சென்று திரும்புவதாயின் விதைப்புக் காலமே கடந்துவிடும்.

அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர் ‘ஃபார்ம்பீட்ஸ்’ என்னும் அமைப்பை 2 பண்ணைகளில் 6 மாதம் நடத்தி, 2017-இல் விவரம் வெளியிட்டனர். ஆளில்லா விமானம் எடுத்த படங்களைப் பண்ணையிலிருந்த கணினியே சுருக்கி அனுப்பியது. இணையம் அறுந்தாலும் பணி தொடரும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. சூரிய ஒளியால் இயங்கிய நிலையமோ, வானிலையைக் கருதி மின்சாரத்தைச் சிக்கனமாய்ச் செலவிட்டது.

எனினும், பெருநிலையத்திற்குக் காவலரும் நிபுணரும் உண்டு. கிணற்றடிக் கொட்டகையிலுள்ள சிறு கணினிக்கு யார் உளர்? நிர்வாகமே இங்கு உயிர்நாடி. ஆகவே, இத்தகைய கருவிகளை வாங்க எண்ணும் சங்கங்கள் பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம்.

1. பம்பை நிறுத்துவது போன்ற அவசர முடிவுகள் அருகிலேயே நிகழவேண்டும். பல பருவங்களை ஒப்பிடும் வேலை மேலே நிகழலாம்.

2. தொடர்பு அறுந்தால் கணக்கு நேரத்துடன் சேமிக்கப்பட்டு, பின்னர் அனுப்பப்பட வேண்டும். கணினியே பழுதாயின், கையால் இயக்கும் விசை இருத்தல் அவசியம்.

3. ஊர் ஊராய்ச் செல்லும் வண்டியிலுள்ள கருவி, ஒரு கணினியின் எல்லையைக் கடக்கும்போது, அதன் கணக்கை அடுத்த கணினி தடையின்றி ஏற்க வேண்டும்.

4. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை உடனே மாற்றுக. 2016-இல் ‘மிராய்’ என்னும் தீய நிரல், மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே எண்ணற்ற காமிராக்களையும் பிற கருவிகளையும் கைப்பற்றியது. திருத்தங்களை எத்தனை ஆண்டு அளிப்பர் என்பதையும் விற்பவரிடம் கேட்டறிக.

5. விளைச்சல் விவரம் யாருக்குச் சொந்தம், நிறுவனத்தை மாற்றினால் அது நம்மிடம் திரும்புமா என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுத்தில் பெறுக.

6. பொறுப்பாளர் ஒருவரைத் தீர்மானத்தின் மூலம் நியமித்து, பழுதுகளைப் பதிவேட்டில் குறிக்கச் செய்க.

கருவியை விலைக்கு வாங்கலாம். கவனத்தை வாங்க இயலாது. பொதுப்பணத்தில் வாங்கிய கணினி கேட்பாரற்றுக் கிடக்குமாயின், நட்டம் அங்கத்தினர் அனைவருக்குமே. பொறுப்பாளர் பெயர் முதலில் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும்; கருவி பின்னர் வரட்டும்.