பிலிம்பேர் விருதும் மறுப்பின் வரலாறும்: இந்தித் திரைப்படத்தில் பங்களிப்பின் வரையறை

ஆய்வுச் சுருக்கம்

இந்தி மொழித் திரைப்படங்களுக்கு ஆண்டுதோறும் வழங்கப்பெறும் பிலிம்பேர் விருது 1954ஆம் ஆண்டு ஐந்து பிரிவுகளுடன் தொடங்கியது. திரைப்படம் பலரது கூட்டுழைப்பால் உருவாவது. அவ்வுழைப்பில் எதனைத் தனித்துப் போற்றுவது என்பதை விருதுப் பிரிவுகளே வரையறுக்கின்றன. அவ்வரையறையையும் அதன்வழி அமைந்த தீர்ப்பையும் கலைஞர்கள் ஏற்க மறுத்த மூன்று நிகழ்வுகளின்வழி, இவ்விருதின் வளர்ச்சியை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பிலிம்பேர் விருது, இந்தித் திரைப்படம், பின்னணிப் பாடகர், துணைப் பாத்திரம், அங்கீகாரம்

முன்னுரை

விருது வரலாறுகள் பெரும்பாலும் பெற்றவர்களின் பட்டியலாகவே எழுதப்படுகின்றன. எவருக்கு விருது கிடைத்தது என்பதைப் பட்டியல் கூறும். எவருடைய உழைப்புக்குப் பிரிவே இல்லாதிருந்தது என்பதைக் கூறாது. விருதை மறுத்தவர்களின் செயல்களை நோக்கும்போது அவ்விடைவெளி புலப்படுகிறது.

தொடக்கமும் அமைப்பும்

டைம்ஸ் ஆப் இந்தியா நாளிதழை வெளியிடும் நிறுவனம் 1952இல் பிலிம்பேர் என்னும் திரைப்பட இதழைத் தொடங்கியது. அவ்விதழின் சார்பில் முதல் விருது விழா 1954 மார்ச் 21 அன்று பம்பாய் மெட்ரோ திரையரங்கில் நடைபெற்றது. அந்நாளிதழின் திரைப்பட விமர்சகர் கிளேர் மென்டோன்காவின் நினைவாக இவ்விருதுகள் தொடக்கத்தில் ‘கிளேர்ஸ்’ எனப்பட்டன. கைகளை உயர்த்தி ஆடும் நிலையிலுள்ள பெண்ணுருவச் சிலையை, அந்நிறுவனத்தின் கலை இயக்குநர் வால்டர் லாங்காமரின் மேற்பார்வையில் சிற்பி என்.ஜி. பன்சாரே வடிவமைத்தார்.

முதல் விழாவில் சிறந்த திரைப்படமாகத் ‘தோ பீகா ஜமீன்’ தெரிவுசெய்யப்பட்டது. அதனை இயக்கிய பிமல் ராய் சிறந்த இயக்குநர் விருதையும், ‘தாக்’ படத்திற்காகத் திலீப் குமார் சிறந்த நடிகர் விருதையும் பெற்றனர். ‘பைஜூ பாவ்ரா’ படத்திற்காக மீனா குமாரி சிறந்த நடிகையாகவும் நௌஷாத் சிறந்த இசையமைப்பாளராகவும் சிறப்பிக்கப்பெற்றனர். வாசகர் வாக்கே அன்று அடிப்படையாக இருந்தது. வாசகர் வாக்கையும் வல்லுநர் குழுவின் தீர்ப்பையும் இணைக்கும் முறை பின்னர் ஏற்பட்டது.

அரசு விருதோடு ஓர் ஒப்பீடு

இந்திய அரசின் தேசியத் திரைப்பட விருதுகளும் 1954இலேயே தொடங்கின. அவ்வாண்டு குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தை மராத்தியத் திரைப்படமான ‘சியாம்சி ஆயி’ பெற்றது. ‘தோ பீகா ஜமீன்’ தகுதிச் சான்றிதழ் பெற்றது. இரு விருதுகளுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. அரசு விருது தொடக்கத்தில் திரைப்படத்தையே போற்றியது. நடிகர், நடிகையர்க்கான தேசிய விருதுகள் 1967ஆம் ஆண்டுத் திரைப்படங்களிலிருந்தே வழங்கப்பெற்றன. இதழின் விருதோ முதல் விழாவிலேயே தனிக் கலைஞரையும் போற்றியது. தனி மனிதரைப் போற்றத் தொடங்கியவுடன், எவரை விடுப்பது என்னும் வினாவும் உடன் எழுந்தது.

பாடகருக்குரிய இடம்

‘சோரி சோரி’ படத்திற்காக 1957இல் சங்கர்–ஜெய்கிஷன் இசையமைப்பாளர் விருதுக்குத் தெரிவாயினர். அப்படப் பாடலை விழாவில் பாடுமாறு லதா மங்கேஷ்கர் கேட்டுக்கொள்ளப்பட்டார், அவர் மறுத்துவிட்டார். விருது இசையமைப்பாளருக்கே உரியதாயின் பாடகர் மேடையேற வேண்டியதில்லை என்பது அவரது வாதத்தின் சாரம். பாடல் மக்களைச் சென்றடைவது பாடகரின் குரல்வழியே ஆயினும், அக்குரலுக்கு விருதுப் பட்டியலில் இடமில்லை என்னும் முரணை அம்மறுப்பு வெளிப்படுத்தியது.

1959இல் பின்னணிப் பாடகர் பிரிவு சேர்க்கப்பட்டது. ‘மதுமதி’ படப் பாடலுக்காக லதா மங்கேஷ்கரே அதன் முதல் விருதைப் பெற்றார். அவ்வாண்டே தொடங்கிய பாடலாசிரியர் விருது ‘யஹூதி’ படத்திற்காகச் சைலேந்திராவுக்குக் கிட்டியது. 1967 வரை ஆண், பெண் பாடகர் இருபாலருக்கும் ஒரே விருது இருந்தது. 1968 முதல் தனித்தனியே வழங்கப்பெற்றது. தேசிய விருதில் சிறந்த பின்னணிப் பாடகிக்கான முதல் விருது, 1968இல் வெளிவந்த ‘உயர்ந்த மனிதன்’ என்னும் தமிழ்ப் படத்திற்காகப் பி. சுசீலாவுக்குக் கிடைத்தது. பாடகரை ஏற்பதில் இதழின் விருது அரசு விருதினும் ஏறத்தாழ ஒரு பத்தாண்டு முந்தியது எனலாம்.

இடம் பெற்றபின் விலகிநின்றதும் இவ்வரலாற்றின் பகுதியே. புதியவர்கள் ஊக்கம்பெறத் தம் பெயரைக் கருத வேண்டாம் என லதா மங்கேஷ்கரும், 1979க்குப் பின் ஆஷா போஸ்லேயும் கேட்டுக்கொண்டனர். 1980இல் ‘மீரா’ படத்திற்காக வேலூரில் பிறந்த வாணி ஜெயராம் அவ்விருதைப் பெற்றார்.

முதன்மையும் துணைமையும்

1957ஆம் ஆண்டு விழாவே மற்றொரு மறுப்பையும் கண்டது. ‘தேவதாஸ்’ படத்தில் சந்திரமுகியாக நடித்த வைஜயந்திமாலாவுக்குச் சிறந்த துணை நடிகை விருது அறிவிக்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த அவர், சந்திரமுகி பாத்திரம் சுசித்ரா சென் ஏற்ற பார்வதி பாத்திரத்திற்கு நிகரானது எனக் கூறி அதனை ஏற்கவில்லை. பிரிவு இல்லாமையைச் சுட்டியது லதாவின் மறுப்பு. இருக்கும் பிரிவு கலைஞரைத் தரம் பிரிப்பதைச் சுட்டியது வைஜயந்திமாலாவின் மறுப்பு. இரு நாயகியர் கொண்ட கதையில் ஒருவரைத் துணை எனக் குறிப்பது கதையை எவ்வாறு வாசிப்பது என்பதையே முடிவுசெய்துவிடுகிறது. பின்னர் ‘சாத்னா’ படத்திற்காக 1959இல் அவர் சிறந்த நடிகை விருதைப் பெற்றார்.

தீர்ப்பின் மீதான மறுப்பு

1973இல் ‘பே-ஈமான்’ படத்திற்காகச் சிறந்த துணை நடிகர் விருதைப் பெறவிருந்த பிராண் அதனை மறுத்தார். அவரது குறை தம்மைப் பற்றியதன்று. அவ்வாண்டின் இசை விருது அதே படத்திற்காகச் சங்கர்–ஜெய்கிஷனுக்கு வழங்கப்பட்டது. ‘பாகீஸா’ படத்திற்கு இசையமைத்த குலாம் முகமதுவுக்கே அது உரியது என அவர் கருதினார். குலாம் முகமது 1968இல் மறைந்தவர். படம் 1972இல் வெளிவந்தது. தமக்காகப் பேச இயலாத ஒருவருக்காகத் தம் விருதையே விட்டுக்கொடுத்தமை இம்மறுப்பை முன்னையவற்றிலிருந்து வேறுபடுத்துகிறது. எனினும் தீர்ப்பு மாறவில்லை. பிரிவின்மையைப் புதுப் பிரிவால் ஈடுசெய்ய இயலும். தீர்ப்பின் குறையை அவ்வாறு ஈடுசெய்ய இயலாது.

முடிவுரை

நடன அமைப்பிற்கான விருது 1989இல்தான் தொடங்கி, ‘தேசாப்’ படத்திற்காகச் சரோஜ் கானுக்கு வழங்கப்பெற்றது. பாடலும் ஆடலும் இந்தித் திரைப்படத்தின் அடையாளங்களாகக் கருதப்படுபவை. அவற்றுள் பாடகரின் குரல் ஐந்தாண்டுகளும், நடனம் அமைத்தவரின் உழைப்பு முப்பத்தைந்து ஆண்டுகளும் காத்திருந்தன. ஆகவே, விருதுப் பட்டியலை ஒரு காலத்தின் கலைத்தரச் சான்றாக மட்டும் கொள்ளும் ஆய்வு முழுமையுறாது. ஒவ்வொரு பிரிவும் தோன்றிய ஆண்டையும், தோன்றுமுன் அவ்வுழைப்பு எவர் பெயரில் அடங்கியிருந்தது என்பதையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.