ரயில் நெரிசலும் நமது வியாபாரமும்

புறக்கோட்டையில் காலை வியாபாரம் சூடுபிடிப்பது கோட்டைக்கு வரும் புகையிரதங்களையும் பொறுத்திருக்கிறது. சிப்பந்திகளிலும் வாடிக்கையாளர்களிலும் பலர் அவற்றிலேயே வருகின்றனர். ரயில் பிந்தினால் கடையில் கைகள் குறைகின்றன.

நெரிசலைக் கண்டதும் பெட்டிகளைக் கூட்டச் சொல்கிறோம். ரயில்களுக்கு இடையிலான நேரத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு நிலையத்துக்கு நிமிடத்துக்கு 20 பேர் வருவதாக வைத்துக்கொள்வோம். 15 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் 300 பேர் ஏறுவர். ஒரு சேவை ரத்தானால் அடுத்ததில் 600 பேர் ஏற வேண்டும். ஏறி இறங்க நேரம் பிடிப்பதால் அதுவும் பிந்தும். பிந்தப் பிந்த அடுத்த நிலையத்தில் கூட்டம் பெருகும்.

அப்படியானால் சேவைகளை அதிகரிக்கலாமே? களனிவெளிப் பாதையை எடுத்துக்கொள்வோம். 1902இல் அவிசாவளை வரை திறக்கப்பட்ட இப்பாதை, 1990களில் அகலப் பாதையாக மாறியபோதும் ஒற்றைத் தண்டவாளமாகவே இருந்தது. எதிரே வரும் ரயிலுக்காக நிலையத்தில் காத்து நிற்க வேண்டும். சேவைகள் கூடினால் நுகேகொடை போன்ற இடங்களில் வீதிக் கடவைகளும் அடிக்கடி மூடப்படும். கரையோரப் பாதையில் களுத்துறை தெற்கு வரை இரட்டைத் தண்டவாளம் உண்டு. அங்கு நேரசூசியைச் சீராகக் காப்பாற்றினாலே நெரிசல் கணிசமாகத் தணியும்.

தண்டவாளம் போடுவது அரசாங்கத்தின் வேலை. கடை நேரம் நமது கையில் இருக்கிறது. சிப்பந்திகளில் பாதிப்பேரை ஒரு மணி நேரம் பிந்தி வரச்செய்து, மாலையில் பிந்தி அனுப்பிப் பாருங்கள். அவர்கள் களைப்பின்றி வருவார்கள். கடையும் கூடுதல் நேரம் திறந்திருக்கும்.