பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன்

காரைக்கால் பகுதியின் கோட்டுச்சேரியிலிருந்து வடக்கே போனால் பூவம், அதையடுத்து நண்டலாறு. ஆற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. 1948இல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தபோது காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1954இல் அவர்கள் போன பிறகும் இங்கே கடை மூடவில்லை. அக்கரையில் தொண்டை காய்ந்தவருக்கு இக்கரை ஒரு சைக்கிள் மிதி.

அன்று குடி என்பது அப்பாவின் விவகாரம். வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராது என்ற பயம். உள்ளே ‘ஆம்பளைன்னா அப்படித்தான்’ என்ற சமாதானம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தெரு இருந்தது. கள்ளுக்கடைப் பக்கம் ஒரு பையன் நின்றால், அவன் வீடு போய்ச் சேருமுன் சேதி போய்ச் சேர்ந்துவிடும். அதைக் காவல் என்று யாரும் சொல்லவில்லை, வம்பு என்றார்கள். அதே தெருதான் குடிகார அப்பனைக் கண்டும் காணாமல் விட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குடிப்பவரோடு குடும்பத்தையும் கூப்பிட்டு உட்காரவைத்தவர் சாந்தி ரங்கநாதன். குடியால் கணவரை இழந்தவர். 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் பெயரில் சிகிச்சை மையம் தொடங்கினார். 1989 முதல் மஞ்சக்குடியில் முகாம்கள் நடந்தன. இன்றைய திருவாரூர் மாவட்டத்தில், நமக்கு ரொம்பத் தூரமில்லாத கிராமம்தான். நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அழைக்காமல் ஆஸ்பத்திரியே ஊருக்குப் போயிற்று. ஊர்க்காரர்கள் கைகொடுத்தார்கள், வீட்டாருக்கும் ஆலோசனை நடந்தது. இதில் எனக்குப் பெரிதாகப் படுவது மருந்தல்ல. அங்கே மனைவியைக் குற்றவாளியாகக் கூப்பிடவில்லை, கூட நிற்பவராகக் கூப்பிட்டார்கள்.

இன்று சிக்கல் அப்பாவின் சட்டைப் பையோடு நிற்கவில்லை, பிள்ளையின் புத்தகப் பைக்கும் வந்துவிட்டது. உதட்டுக்குள் ஒதுக்கும் கூல் லிப் என்ற புகையிலைக்கு வாடை கூட அதிகம் கிடையாது. பக்கத்து வீட்டு அத்தை மோப்பம் பிடிக்க வழியில்லை. அந்த அத்தையும் இப்போது திண்ணையில் இல்லை, சீரியலில் இருக்கிறார். ஆகவே பெற்றோரைத் தேடிப் பள்ளிக்கூடம் போகிறது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். காகிதத்தில் நாற்காலி தயார்.

உட்கார ஆள் வர வேண்டுமே! காலை பதினோரு மணிக்குக் கூட்டம் என்றால் வயலில் நடவு, கரையில் மீன் ஏலம். அப்பா கடலில், அல்லது துபாயில். வருவது அம்மா மட்டும். அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறார். வந்தவருக்குக் கிடைப்பது ‘நீங்க வீட்டுல கவனிக்கிறதில்லையா?’ என்ற கேள்வி. அடுத்த முறை அவரும் வரமாட்டார். வராத பெற்றோரை அக்கறை இல்லாதவர் என்று எழுதிவிடுவது சுலபம்.

பெற்றோரும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐஸ்லாந்தைப் பாருங்கள். அங்கே 1998இல் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் போதை ஏறக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். ஆட்டக்களங்களும் இசை வகுப்புகளும் அங்கே பெருகின, சட்டமும் இறுகியது. அவற்றோடு, பெற்றோர் தங்களுக்குள் உடன்படிக்கை எழுதிக் கையெழுத்திட்டார்கள். இரவில் குழுவாகத் தெருவில் நடந்தார்கள். நம் திண்ணை வம்புக்கு அவர்கள் கால் முளைக்க வைத்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

இங்கே முதலில் மாற வேண்டியது ஃபோன். பள்ளிக்கூடத்து எண் திரையில் வந்தாலே ‘என்ன பண்ணித் தொலைச்சானோ’ என்று தாய்க்கு வயிற்றைக் கலக்குகிறது. “பயப்படாதீங்கம்மா, பையன் ஒண்ணும் பண்ணல” என்று ஆசிரியர் ஆரம்பித்தாலும் நம்பிக்கை வருவதில்லை.

“அப்புறம் எதுக்கு சார் கூப்பிடுறீங்க?”