மரம் வளர்ப்பும் பெண் கல்வியும்

மரம் வளர்ப்பும் பெண் கல்வியும் என்பது, ஊர்ப்புறங்களில் மரம் நட்டு வளர்ப்பதனால் பெண் பிள்ளைகளின் பள்ளிப்படிப்பு இடைநிற்காமல் தொடரக் கிடைக்கும் துணையைக் குறிக்கும். மரம் நேரடியாக எவரையும் பள்ளிக்கு அனுப்புவதில்லை. ஒரு குடும்பம் எந்தத் தேவைக்காகப் பெண் பிள்ளையின் உழைப்பை நம்பியிருக்கிறதோ, அத்தேவையை மரம் குறைக்கும்போதே அவளது படிப்புக்கு இடம் உண்டாகிறது. இராஜஸ்தானின் பிப்லாந்திரி ஊர் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும். தமிழ்நாட்டில் விருதுநகர் மாவட்டத்தின் வரலாறு இத்தொடர்பை விளங்கிக்கொள்ள உதவுகிறது.

விருதுநகர் மாவட்டப் பின்னணி

விருதுநகர் மாவட்டம் 1985 ஆம் ஆண்டு இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. பெரும்பகுதி மானாவாரிக் கரிசல் நிலமாகும். இங்கு ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு இல்லை. வைப்பாறு, அர்ச்சுனா ஆறு ஆகியவை மழைக்காலத்தில் மட்டும் நீரோடுபவை. மழை பொய்த்தால் வேளாண்மை வருவாய் நின்றுவிடும். இந்நிலையில் சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் ஊர்ப்புறக் குடும்பங்களுக்குப் பிழைப்பளித்தன. தீக்குச்சி அடுக்குதல், பெட்டி ஒட்டுதல் போன்ற வேலைகளில் சிறுவர், குறிப்பாகச் சிறுமியர், பெருமளவில் ஈடுபடுத்தப்பட்டனர்.

1986 ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் இத்தொழில்களில் 14 வயதிற்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்தது. 1988 இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கப்பட்டபோது, முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட பகுதிகளில் சிவகாசியும் ஒன்று. சிவகாசி குறித்து எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. சட்டத்திற்கு மாறாக அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தர இயலாவிடில் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என அத்தீர்ப்பு கூறியது. குழந்தை பள்ளிக்குச் செல்லும்வரை மட்டுமே இத்தொகையின் வருவாய் குடும்பத்திற்குக் கிடைக்கும்.

பிப்லாந்திரி முறை

பிப்லாந்திரி, இராஜஸ்தானின் இராஜசமந்து மாவட்டத்தில் உள்ளது. பளிங்குக்கல் வெட்டுதலால் இதன் சுற்றுப்புற நிலம் சீர்கெட்டிருந்தது. 2000களின் நடுப்பகுதியில் ஊராட்சித் தலைவராக இருந்த சியாம் சுந்தர் பாலிவால், மறைந்த தம் மகளின் நினைவாக ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். இதன்படி, ஊரில் பெண் குழந்தை பிறக்கும்போது 111 மரக்கன்றுகள் நடப்படுகின்றன. வேம்பு, மா, நெல்லி முதலியன இவற்றில் அடங்கும். கரையானைத் தடுப்பதற்காக மரங்களைச் சுற்றி வளர்க்கப்பட்ட சோற்றுக்கற்றாழையும் பின்னர் வருவாய் தரும் பொருளாயிற்று. பாலிவாலுக்கு 2021 இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது.

மரம் நடுதலுடன் இரண்டு கட்டுப்பாடுகளும் இணைக்கப்பட்டன:

1. ஊரார் திரட்டும் 21,000 ரூபாயுடன் தந்தை தரும் 10,000 ரூபாயும் சேர்த்துக் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாக இடப்பட்டது.
2. மகளைப் பள்ளிக்கு அனுப்புவதாகவும், சட்டப்படியான வயதுக்கு முன் மணம் முடிப்பதில்லை எனவும், மரங்களைப் பேணுவதாகவும் பெற்றோர் எழுதிக் கொடுத்தனர்.

ஒப்பீடு

பிப்லாந்திரியின் வைப்புத்தொகையும் 1996 ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நிதியும் ஒரே அடிப்படையைக் கொண்டவை. இரண்டிலும் பணம் குழந்தையின் கல்வியுடன் பிணைக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் 1992 இல் தொடங்கப்பட்ட பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமும் இவ்வகையைச் சேர்ந்ததே. இதில் அரசு இடும் வைப்புத்தொகையைப் 18 வயது நிறைந்தபின் பெறுவதற்கு, அப்பெண் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியிருத்தல் வேண்டும்.

மாறாக, 1980களில் சுவீடன் நாட்டு உதவியுடன் தமிழ்நாட்டில் நடைபெற்ற சமூகக் காடுகள் திட்டத்தில், கண்மாய்ப் பகுதிகளில் கருவேல மரங்கள் வளர்க்கப்பட்டன. மரம் வெட்டி விற்ற வருவாயில் ஊராட்சிகளுக்கும் பங்கு இருந்தது. இது ஊரின் பொது வருவாய் ஆகும். இத்தகைய வருவாயில் கல்விக்கென ஒரு பகுதி ஒதுக்கப்படாவிடில், அது பெண் பிள்ளையின் படிப்புக்கு உதவும் என்பதற்கு உறுதி இல்லை.

மர வகையும் காலமும்

முருங்கை நட்ட ஓராண்டிற்குள் காய்க்கத் தொடங்கும். ஒட்டு நெல்லி பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும். விதையிலிருந்து வளரும் புளி காய்க்க எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகலாம். எனவே பெண் குழந்தை பிறந்தபோது நட்ட புளி, அவள் தொடக்கப் பள்ளியை முடிக்கும் காலத்தை ஒட்டிப் பலன் தரத் தொடங்கும். அதுவரை உள்ள இடைவெளியை முருங்கை போன்றவற்றால் ஓரளவு நிரப்பலாம்.

விறகு தேடும் நேரம் குறைவது பொதுவாகக் கூறப்படும் மற்றொரு பயன். ஆயினும் விருதுநகர் மாவட்டத்தில் சீமைக்கருவேலம் மிகுந்திருப்பதால், இங்கு விறகைவிட வருவாய் தரும் மரங்களே முதன்மையானவை. சீமைக்கருவேலம் போன்ற அயல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022 இல் வெளியிட்டது. அகற்றிய இடத்தில் பயன்தரு மரங்கள் நடப்படாவிட்டால், விறகுக்கும் கரிமூட்டத்திற்கும் அதனை நம்பியிருந்த குடும்பங்களின் சுமை கூடும்.

குறைபாடுகள்

- கரிசல் நிலத்தில் கன்றுகளுக்குக் கோடையில் நீரூற்ற வேண்டும். வீட்டுக்கு நீர் சுமக்கும் சிறுமியே இதனையும் செய்ய நேர்ந்தால், மரம் அவளது படிப்பு நேரத்தைக் குறைக்கும்.
- வேப்பமுத்துப் பொறுக்குதல் போன்ற பணிகள் பிள்ளைகளிடம் விடப்பட்டால் அது வேறொரு வகைக் குழந்தை உழைப்பாகிவிடும்.
- ஆடுகள் மேயும் பொது நிலத்தில் வேலியின்றி நடப்படும் கன்றுகள் நிலைப்பதில்லை.
- சொந்த நிலமில்லாத குடும்பங்களுக்குப் பொது நிலத்து மரங்களின் பலனில் எழுத்துவழி உரிமை இல்லையெனில் பயன் கிட்டாது.

ஆகவே நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு இத்தகைய திட்டங்களை மதிப்பிட இயலாது. பிழைத்த மரங்கள் எத்தனை, அவற்றின் வருவாய் யார் பெயரில் சேர்கிறது, அப்பெண் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்னும் மூன்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.